உயிர் காலேஜ், செத்த காலேஜ்

'கெட்டும் பட்டணம் சேர்' என்று சொல்லி வைத்தார்கள். சேர்ந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை மாலைப் பொழுதை என்ன செய்வது என்பதைப் பற்றி அந்தப் பழமொழியில் ஒரு சொல்லும் இல்லை. பட்டணத்தின் வரலாற்றை எழுதியவர்களும் பெரும்பாலும் அதைச் சொல்லவில்லை. கோட்டையை எந்த ஆண்டு கட்டினார்கள், எந்தப் போரில் அது யாரிடம் போயிற்று, எந்தக் கவர்னருக்குப் பின் யார் வந்தார் என்பனவெல்லாம் நமக்கு ஒழுங்காகக் கிடைக்கின்றன. பிழைப்புக்காக வந்து சேர்ந்த ஒரு குமாஸ்தா, ஊரிலிருந்து மாமனார் மாமியார் வந்தபோது அவர்களை எங்கே அழைத்துக்கொண்டு போனார் என்பதை நாம் வேறு வழிகளில்தான் தேட வேண்டியிருக்கிறது. சென்னையைப் பொறுத்தவரை அந்தத் தேடல் வீண்போவதில்லை.

சென்னை புதிய ஊர். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மணல்மேட்டில் இடம் கிடைத்ததிலிருந்து அதன் கணக்கு தொடங்குகிறது. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் பழமையானவை என்பது உண்மையே. ஆயினும் அவை அன்று பட்டணம் அல்ல, பட்டணத்துக்கு அருகில் இருந்த ஊர்கள். பழைய ஊர்களில் பொழுதுபோக்கு என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. மதுரைக்குச் சித்திரை இருந்தது, காஞ்சிக்குக் கருடசேவை இருந்தது, மயிலைக்கு அறுபத்து மூவர் இருந்தார்கள். எப்போது வேடிக்கை, எங்கே கூட்டம், யார் எந்த இடத்தில் நிற்கலாம், யார் எந்தத் தெருவுக்குள் வரக்கூடாது என்பதையெல்லாம் பஞ்சாங்கமும் வழக்கமும் முன்பே தீர்மானித்து வைத்திருந்தன. வாணிகத்துக்காகக் கூடிய ஊருக்கு அப்படி ஒரு பொது ஏற்பாடு இல்லை. அங்கே ஓய்வுப் பொழுதையும் யாரேனும் உண்டாக்க வேண்டியிருந்தது.

ஊர் சுற்றிப் பார்ப்பது நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. பதினேழாம் நூற்றாண்டில் காஞ்சிக்கு அருகிலுள்ள அரசாணிப்பாலையைச் சேர்ந்த வேங்கடாத்வரி 'விசுவகுணாதர்ச சம்பு' என்று ஒரு வடமொழி நூல் எழுதினார். இரண்டு கந்தர்வர்கள் விமானத்தில் பறந்தபடி நாட்டைப் பார்த்து வருகிறார்கள். ஒருவன் எதைக் கண்டாலும் குறை சொல்வான், மற்றவன் அதற்குள் ஒரு நல்லதைக் கண்டுபிடிப்பான். கடற்கரையில் குடியேறிய வெள்ளையரையும் அவர்கள் விடவில்லை. ஆசாரம் கெட்டவர்கள் என்று ஒருவன் இகழ, பிறர் பொருளை அநியாயமாகப் பறிப்பதில்லை என்று மற்றவன் பரிந்து பேசுகிறான். (இந்த நற்சான்றிதழ் கம்பெனி வரி வசூலில் இறங்குவதற்கு முந்தையது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.) ஏறத்தாழ 1800ஐ ஒட்டி எழுதப்பட்ட 'சர்வ தேவ விலாசம்' என்னும் இன்னொரு வடமொழி நூலில் கந்தர்வர்கள் இல்லை, விவேகி, அதிவிவேகி என்ற இரண்டு பண்டிதர்கள் சென்னைக்குள்ளேயே சுற்றுகிறார்கள். கோயில்கள், துபாஷிகளின் தோட்டங்கள், அங்கே நடந்த பாட்டு, நாட்டியம் எல்லாம் அதில் வருகின்றன. டாக்டர் வே. ராகவன் பதிப்பித்த இந்நூல், பட்டணத்தில் ஒரு நல்ல மாலைப்பொழுது என்றால் அன்று என்ன பொருள் என்பதைத் தெளிவாகச் சொல்கிறது: யாரோ ஒரு செல்வரின் தோட்டத்துக்கு அழைப்பு வர வேண்டும். அழைப்பு வராதவனின் மாலைப்பொழுதைப் பற்றி அந்தப் பண்டிதர்களுக்கு அக்கறை இல்லை.

வெள்ளையர் தம் பங்குக்குத் தனியாக ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். கிண்டியில் குதிரைப் பந்தயம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. மவுண்ட் ரோடு ஓரத்தில் காரன்வாலிஸ் பிரபுவுக்கு எழுப்பிய நினைவு மண்டபத்தைச் சுற்றி மாலை நேரங்களில் வண்டிகளில் வலம் வருவது அவர்களின் நாகரிகமாக இருந்தது. நாம் கோயிலைச் சுற்றுவதைக் கண்டு நகைத்தவர்கள் ஒரு சமாதிக் கட்டடத்தைச் சுற்றினார்கள். மண்டபம் பின்னர் இடம் பெயர்ந்துவிட்டது. செனடாப் சாலை என்ற பெயர் மட்டும் தேனாம்பேட்டையில் நின்றுவிட்டது. எழும்பூரில் 'பாந்தியன்' என்ற பெயரில் ஒரு பொதுமனை இருந்தது. விருந்து, நடனம், சீட்டாட்டம், நாடகம் எல்லாம் அங்கேதான். கறுப்பர்கள் அங்கே போவதென்றால் பல்லக்குத் தூக்கியாகவோ பந்தம் பிடிப்பவராகவோதான் போக முடியும். அந்த மனை 1821இல் மூரத் என்னும் ஆர்மீனிய வணிகர் கைக்குப் போய், பின் 1830இல் அரசாங்கத்திடம் திரும்பி வந்தது. நம் கதை உண்மையில் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

*

1812இல் எல்லிஸ் துரை (எல்லீசன் என்று தமிழில் கையெழுத்திட்டவர்) முன்னின்று நடத்திய கோட்டைக் கல்லூரியை இலக்கிய வாசகர்கள் அறிவார்கள். கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் கற்பிக்க ஏற்பட்ட அக்கல்லூரி பின்னர் நுங்கம்பாக்கத்தில் ஒரு பெரிய கட்டடத்தில் இருந்தது. இன்றைய கல்லூரிச் சாலைக்கு அதனால்தான் அந்தப் பெயர். 1851இல் அரசு அருங்காட்சியகம் தொடங்கியபோது அதற்கு இடம் கொடுத்ததும் அக்கல்லூரிக் கட்டடமே. எட்வர்ட் பால்ஃபர் என்ற இராணுவ மருத்துவர் பொறுப்பேற்றார். சேர்ந்த பொருள்கள் பெருகி மாடி தாங்காது என்ற நிலை வந்ததும், அருங்காட்சியகம் எழும்பூர் பாந்தியனுக்குப் பெயர்ந்தது. வெள்ளைச் சீமாட்டிகள் ஆடிய கூடத்தில் கற்களும் சிப்பிகளும் பாடம் செய்த பறவைகளும் வந்து அமர்ந்தன.

பால்ஃபருக்கு ஒரு கவலை இருந்தது. கல்லையும் சிப்பியையும் பார்க்க மக்கள் எத்தனை முறைதான் வருவார்கள்? அவர் ஒரு புலிக்குட்டியையும் ஒரு சிறுத்தையையும் உயிரோடு கொண்டுவந்து வைத்தார். கூட்டம் ஏறியது. சிறுவர்கள் மட்டுமல்ல, பெரியவர்களும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கர்நாடக நவாபிடம் இருந்த விலங்குகளையும் கேட்டு வாங்கி, 1855இல் அருங்காட்சியக வளாகத்திலேயே ஒரு மிருகக்காட்சி சாலை ஏற்பட்டது. 1863இல் அது நகராட்சியின் பொறுப்பில் சென்ட்ரல் அருகிலிருந்த பூங்காவுக்குப் போயிற்று.

இப்போது மக்கள் செய்த வேலையைப் பார்க்க வேண்டும். அருங்காட்சியகம், விலங்கியற் பூங்கா என்ற சொற்களெல்லாம் பிற்காலத்தவை. மியூசியம் என்ற பெயர் அன்றைய நாவுக்கு வரவில்லை. கல்லூரிக் கட்டடத்தில் தொடங்கியதால் அந்த இடம் 'காலேஜ்' ஆயிற்று. எழும்பூருக்கு மாறிய பிறகும் பெயர் கூடவே போயிற்று. விலங்குகள் பிரிந்து தனி இடத்துக்குச் சென்றதும் இரண்டு காலேஜ்கள் உண்டாகிவிட்டன. உயிருள்ளவை இருந்த இடம் உயிர் காலேஜ். பாடம் செய்தவையும் எலும்புக்கூடுகளும் சிலைகளும் இருந்த இடம் செத்த காலேஜ். எந்தப் பேராசிரியரும் உட்கார்ந்து உண்டாக்கிய கலைச்சொல் அன்று இது. நமக்குத் தெரிந்த கலைச்சொற்களில் இவ்வளவு துல்லியமானவை குறைவு. அதில் இன்னொரு நயமும் உண்டு: காலேஜ் வாசலை மிதிக்க வழியில்லாதவர்கள் தாங்கள் போய்வந்த இரண்டு இடங்களுக்கும் காலேஜ் என்று பெயரிட்டுக்கொண்டார்கள்.

'செத்த காலேஜ்' பார்த்தவர்கள் பார்த்தது என்ன? அமராவதியின் சலவைக்கல் சிற்பங்கள், திருவாலங்காட்டு நடராசர், திமிங்கிலத்தின் எலும்புக்கூடு, ஆயுதங்கள், நாணயங்கள். இவற்றில் திமிங்கிலத்துக்குத்தான் கூட்டம் அதிகம் என்று யாராவது சொன்னால் நாம் வருத்தப்பட மாட்டோம். நடராசரை அருகில் நின்று பார்ப்பதற்கும் அங்கே ஒரு தனிப் பொருள் இருந்தது. அதைச் சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் ஊர்களில் ஒரு பெரிய பகுதி மக்கள் கோயிலுக்குள் நுழைய முடியாது. சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுக்கு முழுமையான சட்டம் வந்தது 1947இல்தான். ஆனால் பட்டணத்து அருங்காட்சியகத்தின் வாசலில் சாதி கேட்கும் விதி இல்லை. தெய்வத் திருமேனியைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, அதன் உயரத்தையும் காலத்தையும் சீட்டில் எழுதி, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று விட்டிருந்தார்கள். அது பக்தியா, பக்திக்குக் கேடா என்று விவாதிக்கலாம். கர்ப்பக்கிருகத்தை ஒருநாளும் கண்டிராத ஒருவன் சோழர் காலத்து ஆடவல்லான் எதிரே நேராக நின்றான் என்பது மட்டும் விவாதத்துக்கு அப்பாற்பட்டது.

பெண்கள் விஷயமும் அப்படியே. எட்கர் தர்ஸ்டன் கண்காணிப்பாளராக இருந்த காலத்தில் (1885 முதல் 1908 வரை) கோஷா பெண்கள் வந்து பார்ப்பதற்கென்று மாதத்தில் ஒரு நாள் ஒதுக்கப்பட்டது. அன்று ஆண்களுக்கு அனுமதியில்லை. திரை போட்ட வண்டிகளில் வந்து இறங்கியவர்கள் திரையில்லாமல் கூடங்களில் நடந்திருக்கிறார்கள். தர்ஸ்டன் பொதுவாக மனிதர்களை நிறுத்திவைத்துத் தலையையும் மூக்கையும் அளப்பதில் பேரார்வம் கொண்டவர். தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டவர். பார்க்க வந்தவர்களையும் அவர் காட்சிப் பொருள்களாகத்தான் கண்டிருப்பாரோ என்ற ஐயம் நமக்கு உண்டு. ஆயினும் அந்த ஒரு நாளை ஒதுக்கியதற்காக அவருக்கு நாம் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறோம்.

வாசலில் விதி இல்லை என்பதனால் வழியெல்லாம் சமத்துவம் விளைந்துவிட்டது என்று எழுதுவதற்கும் இடமில்லை. பார்த்துக் களைத்து வெளியே வந்து ஒரு காபி குடிக்கப் போனால், இன்னாருக்கு இங்கே இடம் என்ற ஏற்பாடு காத்திருந்தது. திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டலின் பெயர்ப்பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கவைக்க 1957இல் பெரியார் ஒரு நீண்ட மறியலே நடத்த வேண்டியிருந்தது. புலியைப் பார்ப்பதில் சமத்துவம் நூறாண்டு முன்பே வந்துவிட்டது. காபி அவ்வளவு விரைவாக இணங்கவில்லை.

*

உயிர் காலேஜ் போய்ச் சேர்ந்த பூங்காவுக்கு ஆங்கிலத்தில் பீப்பிள்ஸ் பார்க் என்று பெயர். மக்கள் பூங்கா. 1859இல் கவர்னராக வந்து அடுத்த ஆண்டே திருப்பி அழைக்கப்பட்ட சர் சார்லஸ் டிரெவெலியன் அதற்கு வித்திட்டார். (அயர்லாந்துப் பஞ்சத்தில் அவருடைய நடவடிக்கைகளை அந்நாட்டார் இன்றும் மன்னிக்கவில்லை, சென்னையில் அவர் பூங்கா அமைத்தார். மனிதர்கள் விசித்திரமானவர்கள்.) பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு வடக்கே, நூறு ஏக்கருக்கும் அதிகமான நிலத்தில் குளங்களும் வண்டிப் பாதைகளும் பாண்டு வாசிக்கும் மேடையும் அமைந்தன. கறுப்பர் பட்டணத்து நெரிசலுக்கு ஒரு நுரையீரல் வேண்டும் என்பது அக்காலத்துச் சுகாதாரக் கொள்கை.

அந்தப் பூங்காவில் ஆண்டு முடிவில் நடந்த சந்தையும் வேடிக்கைகளும் பெரும்புகழ் பெற்றவை. 1886ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் அங்கே தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகைகள், உள்ளே கூட்டம். நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். பொழுதுபோக்கின் வரலாற்றில் கொட்டகைத் தீ என்பது நம்மிடையே திரும்பத் திரும்ப வரும் ஓர் அத்தியாயம். அதன் முதற் பெரும் பதிவு அநேகமாக இதுவாகத்தான் இருக்க வேண்டும். இறந்தவர்களுக்காகப் பூங்காவில் இன்று ஓர் அடையாளமும் இல்லை. பூங்காவே இல்லை எனும்போது அடையாளத்தை எங்கே தேடுவது?

அதே பத்தாண்டில் பூங்காவின் ஓர் ஓரத்தில் விக்டோரியா பொதுமண்டபம் எழுந்தது. சிசோமின் வரைபடம், நம்பெருமாள் செட்டியின் கட்டுமானம். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபை நாடகங்களைப் போட்டது இங்கேதான். நகரும் படம் சென்னையில் முதன்முதலாகத் திரையில் விழுந்ததும் இங்கேதான், அந்நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில். 1914இல் ரகுபதி வெங்கையா கெயிட்டி கொட்டகையைக் கட்டியபின் சினிமா தன் வீட்டுக்குக் குடிபோய்விட்டது. சினிமாவைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள், நாம் பூங்காவிலேயே நிற்போம்.

1898இல் கால்கோள் செய்து 1900இல் திறந்த மூர் மார்க்கெட் அப்பூங்காவின் இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டது. நகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூரின் பெயர். பாபம்ஸ் பிராட்வேயில் இருந்த நெரிசலான சந்தைக்கு மாற்றாகக் கட்டப்பட்ட சிவப்புக் கட்டடம். சந்தைதான், ஆனால் சந்தைக்குப் போவதுபோல் யாரும் அங்கே போகவில்லை. வாங்காமலே ஒரு நாள் முழுதும் சுற்றலாம். கூண்டுப் பறவைகள், கிராமபோன் இசைத்தட்டுகள், பழைய கடிகாரங்கள், பீங்கான், பூட்டில்லாத சாவிகள், சாவியில்லாத பூட்டுகள். வீட்டில் களவுபோன பொருளை மறுநாள் மூர் மார்க்கெட்டில் விலை கேட்டு வாங்கலாம் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். பழைய புத்தகக் கடைகளைப் பற்றி இந்த வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் எழுதிய மூன்று தலைமுறையினரின் படிப்பில் ஒரு பங்கு அந்தக் கடைகளின் தரையில் விரித்த சாக்கிலிருந்து வந்தது. வேறொருவரின் கையெழுத்தும் தேதியும் முதற்பக்கத்தில் இருக்கும் நூல்கள் இன்றும் நம்மில் பலர் வீட்டில் இருக்கும்.

இப்போது அந்தக் குமாஸ்தாவிடம் திரும்புவோம். 1895இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது, இந்தியாவிலேயே முதலாவது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் வந்தது. ஊரிலிருந்து வருபவர்கள் இறங்கும் சென்ட்ரலும் எழும்பூரும் ஒன்றுக்கொன்று நடை தூரம். ஆக, காலையில் உயிர் காலேஜ், அதையொட்டி மூர் மார்க்கெட், கட்டுச்சோறு பூங்கா நிழலில், பிற்பகல் செத்த காலேஜ், வெயில் தாழ்ந்தபின் டிராமேறிக் கடற்கரை. டிராமுக்குச் சில காசும் மிருகங்களைப் பார்க்கச் சிறு கட்டணமும் போக மற்றவை இலவசம். திட்டமிட்டு யாரும் இதை அமைக்கவில்லை. ஆனால் 'பட்டணம் பார்ப்பது' என்ற சொல்லுக்கு இரண்டு மூன்று தலைமுறைகளுக்குப் பொருள் இதுவாகத்தான் இருந்தது.

*

கடற்கரையை நாம் இயற்கை தந்த கொடை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாதிதான் சரி. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் திருவல்லிக்கேணிக்குக் கிழக்கே கடல் இன்றைக்கு இருப்பதைவிடச் சாலைக்கு மிக அருகில் இருந்தது. சேறும் கட்டுமரங்களுமாக இருந்த கரை அது. 1870களின் நடுவில் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி கடல்நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே மணலை அள்ளிக்கொண்டு போகும். துறைமுகச் சுவர் குறுக்கே நின்றதும் மணல் தெற்குப் பக்கமே தேங்கிற்று. அந்தத் தேக்கம்தான் நம் மெரினாவின் அகலம். வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. தெருக்களும் வீடுகளும் போயின. கருங்கல்லைக் கொட்டி அதைத் தடுக்கும் வேலை இன்னும் முடியவில்லை. தென்சென்னை காற்று வாங்கும் மணல் வடசென்னைக்கு வந்து சேராத மணல். சென்னையில் எந்த இன்பத்தின் கணக்கையும் இராயபுரத்துக் கல்சுவரையும் சேர்த்துத்தான் போட வேண்டும் என்பது நம் கருத்து.

1881 முதல் 1886 வரை கவர்னராக இருந்த கிராண்ட் டஃப் 1884இல் இக்கரையோரம் உலாவும் பாதையை அமைத்து, சிசிலியில் தாம் கண்ட கடற்கரைகளின் நினைவாக மெரினா என்று பெயர் வைத்தார். நம் மக்கள் அதற்குப் 'பீச்' என்றார்கள். அங்கே போவதைக் 'காற்று வாங்குவது' என்றார்கள். விலை கொடுக்காமல் வாங்கக்கூடிய ஒரே பொருள் அது என்பதால் அச்சொல் நிலைத்திருக்கக்கூடும். 1909இல் கரையோரம் ஒரு மீன்காட்சி சாலையும் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் குண்டு போடுவார்கள் என்று நகரம் காலியானபோது மூடினார்கள். பிறகு திறக்கவே இல்லை.

உலாவ வந்த கூட்டம் பேச்சுக் கேட்கவும் பழகிற்று. 1907இல் விபின் சந்திர பால் இங்கே பேசினார். அவரை வரவழைத்தவர்களுள் பாரதியும் ஒருவர். 1919இல் ரௌலட் சட்டத்தை எதிர்த்துப் பெருங்கூட்டங்கள் கூடின. 1923ஆம் ஆண்டு மே முதல் நாள் சிங்காரவேலர் கூட்டிய மே தினக் கூட்டங்களில் ஒன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் மற்றொன்று உயர்நீதிமன்றத்துக்கு எதிர்க்கரையிலும் நடந்தன. தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959இல் அங்கே நிறுவப்பட்டதற்கு இப்படி ஒரு முன்கதை உண்டு. பூங்காக்களும் பின்தங்கவில்லை. இராயபுரம் ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பரில் மழையில் நனைந்தபடி ஒரு கூட்டம் நின்றது. திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்தது. தமிழ்நாட்டின் இருபதாம் நூற்றாண்டு அரசியலை மாலைநேரப் பொழுதுபோக்கின் ஒரு கிளை என்று யாரேனும் எழுதினால் அதைக் கேலி என்று நாம் ஒதுக்கிவிட மாட்டோம். சுண்டல் விற்பவனுக்கு வேண்டிய கூட்டமும் சொற்பொழிவாளனுக்கு வேண்டிய கூட்டமும் ஒன்றே.

*

1985ஆம் ஆண்டை நம் நகர வரலாற்றாசிரியர்கள் இன்னும் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. அந்த ஆண்டு மே 30ஆம் நாள் மூர் மார்க்கெட் எரிந்தது. ரயில் நிலையத்தை விரிவாக்க அந்த இடம் தேவைப்பட்டுக்கொண்டிருந்த காலம். தீயைப் பற்றிப் பேச்சுகள் பலவிதமாக உலவின, நாம் அவற்றுக்குள் போகவில்லை. வணிகர்களுக்குப் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகம் கிடைத்தது. சிவப்புக் கட்டடம் நின்ற இடத்தில் புறநகர் ரயில் முனையம் வந்தது. அதே ஆண்டு சூலையில் வண்டலூரில் புதிய உயிரியல் பூங்கா திறந்தது. உயிர் காலேஜ் பட்டணத்தை விட்டுப் போயிற்று. விலங்குகளுக்கு அது நல்லதே. கூண்டுகளிலிருந்து 500 ஹெக்டேருக்கும் மேற்பட்ட காட்டுக்குப் போயின. ஆனால் சென்ட்ரலில் இறங்கி நடந்தே போகக்கூடியதாக இருந்தது அதன்பின் முப்பது கிலோமீட்டர் தொலைவுக்குப் போய்விட்டது.

மூன்றாவது நிகழ்ச்சி இவ்விரண்டையும் விடக் கொடியது. அந்த ஆண்டின் இறுதியில் மெரினாவை அழகுபடுத்தப்போவதாக அரசு அறிவித்து, மணலில் கிடந்த கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முனைந்தது. உலாவ வருபவர்களின் கண்ணுக்கு அவை உறுத்தலாம் என்பது வாதம். குப்பத்து மக்கள் எதிர்த்தார்கள். போலீஸ் சுட்டதில் மீனவர்கள் இறந்தார்கள். கடற்கரை யாருடைய இடம் என்ற கேள்வி அதன்பின் நீதிமன்றங்களில் பலமுறை எழுந்திருக்கிறது. 2023இல் நொச்சிக்குப்பம் சாலையோர மீன் கடைகளை அகற்றும்படி உயர்நீதிமன்றம் தானே முன்வந்து எடுத்த வழக்கும், அதை எதிர்த்து மீனவப் பெண்கள் சாலையில் அமர்ந்ததும், 2024 ஆகஸ்டில் அங்கே நவீன மீன் அங்காடி திறந்ததும் அதே கேள்வியின் தொடர்ச்சி. கட்டுமரம் இருந்த கரைக்குத்தான் உலாவும் பாதை வந்ததே தவிர, உலாவும் பாதைக்குக் கட்டுமரம் வரவில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் அலை ஏறி வந்தபோதும் காலை நடைக்கு வந்தவர்களோடும் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்களோடும் சேர்த்து அது முதலில் எடுத்தது குப்பங்களைத்தான்.

பேச்சு மேடைகளும் ஒவ்வொன்றாகப் போயின. மெரினாவில் இருந்த சீரணி அரங்கத்தை 2003இல் இடித்தார்கள். 2017 சனவரியில் ஏறுதழுவுதலுக்காக இளைஞர்கள் இரவும் பகலும் ஒரு வாரம் அந்த மணலில் உட்கார்ந்திருந்தது அனைவருக்கும் நினைவிருக்கும். அதன்பின் போராட்டம் என்ற பெயரில் அங்கே கூடுவதற்குக் காவல்துறை இடங்கொடுக்கவில்லை. 2018இல் ஒருநாள் உண்ணாவிரதத்துக்குக் கிடைத்த நீதிமன்ற அனுமதியும் மேல்முறையீட்டில் நிற்கவில்லை. காற்று வாங்கலாம், சுண்டல் வாங்கலாம், கூட்டமாக உட்கார்ந்து கோரிக்கை மட்டும் வைக்கக்கூடாது என்று ஆகிவிட்டது.

புதிதாகச் சென்னைக்கு வருபவர்களுக்கு இன்று போக்கிடம் இல்லாமல் இல்லை. குளிரூட்டிய வணிக வளாகங்கள் இருக்கின்றன; அங்கேயும் வாங்காமல் சுற்றலாம், ஆனால் வாசலில் சோதிக்கும் காவலாளியின் பார்வை எல்லோர்மீதும் ஒரே மாதிரி விழுவதில்லை. கத்தீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்த நிலத்தில் 2010இல் செம்மொழிப் பூங்கா வந்தது. தோசையையும் இலக்கிய அரட்டையையும் ஒரே மேசையில் கண்டவர்கள் அந்தப் பூங்காவை முழுமனத்தோடு பாராட்டுவதில்லை. நமக்கோ யாரும் போய் உட்காரக்கூடிய நிழல் என்ற அளவில் மகிழ்ச்சியே. கிண்டியில் சிறுவர் பூங்காவும் 1970களில் ரோமுலஸ் விட்டேகர் கொண்டுவந்த பாம்புப் பண்ணையும் இருக்கின்றன. கன்னிமாரா நூலகம் 1896இலிருந்து இருக்கிறது. அங்கே பொழுதுபோக்குவோர் எண்ணிக்கை குறைவு என்பதால் அதைப் பட்டியலில் சேர்க்கத் தயக்கமாக இருக்கிறது.

செத்த காலேஜ் மட்டும் இடம் மாறவில்லை. பொங்கல் விடுமுறையில், குறிப்பாகக் காணும் பொங்கலன்று, நெல்லூர்ப் பக்கத்திலிருந்தும் செங்கற்பட்டுப் பக்கத்திலிருந்தும் குடும்பங்கள் வேன் பிடித்து வருகின்றன. அன்று கடற்கரையில் லட்சக்கணக்கில் கூட்டம் கூடும். குளிக்க இறங்காதபடி போலீசார் கட்டை கட்டி நிற்பார்கள். வண்டலூரில் சீட்டு வாங்க வரிசை நிற்கும். காணும் பொங்கலில் காண வேண்டியது உற்றார் உறவினரை என்று சாத்திரம் அறிந்தவர்கள் சொல்கிறார்கள். சென்னைக்காரர்கள் அதற்கு ஊரைக் காண்பது என்று பொருள் கொண்டு நூறாண்டுக்கு மேலாகிறது.

மக்கள் பூங்காவின் நிலத்தில் இன்று ரிப்பன் மாளிகையும் விளையாட்டரங்கும் ரயில் பாதைகளும் மெட்ரோ நிலையமும் இருக்கின்றன. எஞ்சியது மை லேடீஸ் பூங்கா என்ற சிறுதுண்டு. மின்சார ரயிலில் அந்நிறுத்தத்தின் பெயர் இன்னும் பூங்கா நிலையம்தான். சென்ட்ரலின் புறநகர் முனையத்துக்கு ரயில்வேக்காரர்கள் மூர் மார்க்கெட் வளாகம் என்றே பெயர் வைத்தார்கள். எரிந்த கட்டடத்தைப் போலவே சிறியதாக ஒரு மாதிரி செய்து பக்கத்தில் நிறுத்தினார்கள். முழங்கால் உயரத்துக்குச் சற்று அதிகமான அந்தச் சிவப்புக் கட்டடத்தின் எதிரே கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் போகிறவர்கள் வண்டிக்குக் காத்து நின்றிருக்கிறார்கள். அதைக் குழந்தைகளுக்கான பொம்மை வீடு என்று எண்ணி உள்ளே எட்டிப் பார்த்த சிறுவர்களும் உண்டு.